ஒரு மோசமான வெள்ளிக்கிழமை

பைன் ஃபோர்க், டெக்சஸ்
24 ஆகஸ்ட் 1970

அன்புள்ள எமெட்,

என்னிடமிருந்து கடிதம் வரும் என்று நீ நினைத்திருக்க மாட்டாய். உன் ஹூஸ்டன் முகவரியை உங்கள் சர்ச் போதகரிடம் கேட்டு வாங்கினேன். கொடுப்பதற்கு முன் அவர் என்னைத் தலை முதல் கால் வரை நிதானமாகப் பார்த்தார்.

சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் வெள்ளைப் பள்ளியையும் உங்கள் கறுப்புப் பள்ளியையும் கோர்ட் ஒன்றாக்கியதில், என் ஃபுட்பால் அணியில் ஆட்டத்தை நடத்தும் அந்த ஒரே இடத்துக்கு எனக்கு இரண்டு குவார்ட்டர்பேக்குகள் வந்து சேர்ந்திருக்கிறார்கள். ஓர் உறையில் இரண்டு கத்தி. ஒருவன் போன வருஷம் எனக்கு ஆடிய லேன் கிம்ப்ரோ. இன்னொருவன் உன்னிடம் ஆடிய வெர்னெல் கேட்ஸ்.

லேன் நெட்டை. நின்ற இடத்திலிருந்து ஐம்பது கஜம் எறிவான். சொன்னதைச் செய்வான், சொல்லாததைச் செய்ய மாட்டான். வெர்னெலுக்கு அவ்வளவு தோள்பலம் இல்லை. ஆனால் எதிரணி எப்படி நிற்கிறது என்று பார்த்துவிட்டு, நான் சொல்லி அனுப்பிய ஆட்டத்தைக் கடைசி நொடியில் மாற்றிவிடுகிறான். முதல் தடவை நான் கத்திவிட்டேன்.

"யாரு உன்னை மாத்தச் சொன்னது?"

"நடுவுல காலியா விட்டிருந்தாங்க, சார்."

எல்லோரையும் மறுபடி அதே மாதிரி நிற்க வைத்துப் பார்த்தேன். காலியாகத்தான் விட்டிருந்தார்கள்.

ஊரில் வேறு பேச்சே இல்லை. சவரக் கடை, தீவனக் கடை, ஞாயிற்றுக்கிழமை சர்ச் வாசல், எங்கே போனாலும் இதுதான். லேனின் அப்பா கிம்ப்ரோ பள்ளி நிர்வாகக் குழுவில் இருப்பது உனக்குத் தெரியும். அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "வாரன், அந்தப் பையன் நல்லா ஓடறான், நான் இல்லேங்கல. ஓட விடு. பந்தைப் பிடிக்க விடு. ஆனா குவார்ட்டர்பேக்னா பந்து முதல்ல அவன் கைக்குத்தான் வரும். மத்த பத்து பேரும் அவன் வாயைப் பாத்துக்கிட்டு நிக்கணும். நம்ம பையங்களுக்கு அவன் உத்தரவு போடறதை ஊரே உக்காந்து பாக்கணுமா?"

முதல் ஆட்டம் செப்டம்பர் பதினொன்று, வெள்ளிக்கிழமை. வெர்னெலை மூன்று வருஷம் நீ வைத்திருந்தாய். நீயாக இருந்தால் யாரை இறக்குவாய்?

வாரன் ஹட்ஸ்பெத்


ஹூஸ்டன்
30 ஆகஸ்ட் 1970

திரு. ஹட்ஸ்பெத் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. என்னை எமெட் என்று கூப்பிடுகிறவர்கள் இந்த உலகத்தில் இரண்டு பேர். ஒருவர் என் மனைவி, மற்றவர் என் அண்ணன். ஹார்மன் பள்ளியில் பதினோரு ஆண்டுகள் எனக்கு கோச் ஸ்ட்ராதர் என்று பெயர். பள்ளியை மூடினார்கள். பெயரையும் சேர்த்து மூடியதாக எனக்கு யாரும் தெரிவிக்கவில்லை.

இரண்டு பள்ளிகளையும் இணைத்தபோது எனக்கு என்ன வேலை தருவதாகச் சொன்னார்கள் என்பது உங்களுக்கு நினைவிருக்கும். உங்கள் துணைப் பயிற்சியாளருக்குத் துணை. அதோடு மத்தியானத்தில் சாப்பாட்டுக் கூடத்தில் நின்று பிள்ளைகள் சண்டை போடாமல் பார்த்துக்கொள்வது. நிர்வாகக் குழுவின் ஜூன் கூட்டத்தில் இதைப் படித்துக் காட்டியபோது நீங்கள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள். வெளியே பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை. பஸ் கொட்டகைதான்.

இங்கே ஒரு பள்ளியில் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு டெக்சஸ் சரித்திரம் நடத்துகிறேன். புத்தகத்தில் இருப்பதை நடத்துகிறேன். பிறகு இல்லாததையும் கொஞ்சம்.

யாரை இறக்குவது என்று கேட்கிறீர்கள். இரண்டு பேரையும் தினமும் உங்கள் கண்ணால் பார்க்கிறீர்கள். அந்தக் கண் என்ன சொல்கிறது? அது உங்களுக்கு ஏற்கெனவே தெரியும் என்று நினைக்கிறேன். உங்களுக்கு வேண்டியது என் அபிப்பிராயம் அல்ல. நாளை ஏதாவது ஏடாகூடமானால் "ஸ்ட்ராதர் சொன்னார்" என்று பிடித்துக்கொள்ள ஒரு கேடயம். கேடயம் தயாரிக்கும் தொழிலில் நான் இல்லை.

பையனுக்காக ஒன்று மட்டும் சொல்கிறேன். பந்தை எதிரணியிடம் பறிகொடுத்துவிட்டால் வெர்னெல் பேச மாட்டான். முகத்தை இறுக்கி வைத்துக்கொள்வான். அதைத் திமிர் என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். திமிர் இல்லை. எங்கே தப்பு நடந்தது என்று மனதுக்குள் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்துக்கொண்டிருப்பான். அந்த நேரத்தில் அவனை விட்டுவிட வேண்டும்.

எ. ஸ்ட்ராதர்


பைன் ஃபோர்க்
4 செப்டம்பர் 1970

கோச் ஸ்ட்ராதர் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டுக் குப்பைத் தொட்டியில் போட்டேன். சாப்பிட்டு முடித்ததும் மறுபடி எடுத்தேன். காப்பித்தூள் ஒட்டியிருந்தது. என் மனைவி நோரீன் தட்டிவிட்டுப் படித்தாள். "இதுல எந்த வரி பொய்?" என்று கேட்டாள். நான் மாடுகளுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டேன்.

ஜூன் கூட்டத்தைப் பற்றி உங்களோடு வாதாடப் போவதில்லை. எனக்கு மூன்று பிள்ளைகள். நான் வாயைத் திறந்திருந்தாலும் அன்றைக்கு ஓட்டு மாறியிருக்காது. நீங்கள் இதை ஒப்புக்கொள்ள வேண்டும் என்று கட்டாயமில்லை.

கண் என்ன சொல்கிறது என்று கேட்டீர்கள். வெர்னெல் என்று சொல்கிறது.

செவ்வாய்க்கிழமை பயிற்சியில் நடந்ததைச் சொல்கிறேன். முன்வரிசையில் பெரும்பாலும் என் பழைய பையன்கள். வெர்னெல் ஆட்டத்தைச் சொல்லும்போது வட்டத்தில் குனிந்து நிற்பார்கள், ஆனால் அவனைப் பார்க்க மாட்டார்கள். டஸ்டி என்கிற தடியன் ஒருவன், வேண்டுமென்றே ஒருமுறை எதிரே வந்தவனைத் தடுக்காமல் வழியை விட்டுவிட்டான். வெர்னெல் மேல் மூன்று பேர் விழுந்தார்கள். நான் விசிலை வாயில் வைத்தேன். அதற்குள் அவன் எழுந்து, மூக்கில் இருந்த மண்ணைத் துடைத்துக்கொண்டு, டஸ்டியிடம் போனான்.

"இப்ப எவ்வளவு நேரம் அவனைப் பிடிச்சு வெச்சே?"

"பிடிக்கவே இல்ல," என்றான் டஸ்டி.

"சரி. அடுத்த தடவை ஒரு மூச்சு விடற நேரம் பிடி. எனக்கு அது போதும்."

அடுத்த தடவை டஸ்டி பிடித்தான். ஒரு மூச்சு நேரம்தான். பந்து இருபது கஜம் தள்ளிப் போய் இறங்கியது. டஸ்டி திரும்பி அதைப் பார்த்துக்கொண்டே நின்றான். அதற்குப் பிறகு அவன் வழியை விடவில்லை.

லேனால் இதைச் செய்ய முடியாது. அது அவன் தப்பு இல்லை. அவனுக்கு இதுவரை யாரும் வழியை விட்டதில்லை.

ஆகையால் பதினொன்றாம் தேதி வெர்னெலை இறக்குகிறேன். இது உங்கள் காதில் விழ வேண்டும் என்று தோன்றியது.

வாரன் ஹட்ஸ்பெத்


ஹூஸ்டன்
7 செப்டம்பர் 1970

கோச் ஹட்ஸ்பெத் அவர்களுக்கு,

வேண்டாம். அவனை இறக்காதீர்கள்.

இதை நான் எழுதுவேன் என்று நீங்கள் நினைத்திருக்க மாட்டீர்கள். நானும் நினைக்கவில்லை. "உங்களுக்கென்ன பைத்தியமா?" என்று என் மனைவி லூசில் கேட்கிறாள். இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வர வேண்டும் என்பதற்காக இன்றைக்கே தபாலில் சேர்க்கிறேன்.

நீங்கள் நல்ல மனதோடு முடிவு செய்திருக்கிறீர்கள். நல்ல மனது இரண்டு வெற்றி வரைக்கும் தாங்கும். அவனுக்கு ஒரு நாள் கை வராமல் போகும். எல்லோருக்கும் போகிறது. போன வருஷம் உங்கள் லேன் ஆடிய ஆட்டங்களைப் பத்திரிகையில் நான் படித்துக்கொண்டுதான் இருந்தேன். ஒரு மழை நாளில் அவன் அடுத்தடுத்துப் பந்தைப் பறிகொடுத்தான். மறுவாரமும் அவன்தான் ஆடினான். ஊர் என்ன சொன்னது? "பாவம், ஈரப் பந்து, வழுக்கிவிட்டது." வெர்னெல் அதையே செய்தால் மழையைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள். "நாங்கதான் அப்பவே சொன்னோமே. அவங்களுக்கு இது வராது" என்பார்கள். அவனுக்கு மட்டும் இல்லை, அவனுக்குப் பிறகு அந்த ஊரில் வரப்போகிற ஒவ்வொரு பையனுக்கும் அதையே சொல்வார்கள். பதினேழு வயதுப் பிள்ளை அந்த மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். பந்து வேறு கையில் இருக்கும்.

அவனுக்கு நீங்கள் தர வேண்டியது முதல் இடம் அல்ல. அதை அவனே எடுத்துக்கொண்டான். நீங்கள் தர வேண்டியது ஒரு மோசமான வெள்ளிக்கிழமை. அவன் தடுமாறி, ஊரே எழுந்து நின்று கத்தி, அப்போதும் நீங்கள் அவனை வெளியே எடுக்காமல் இருக்க முடியுமா? முடியும் என்றால் இறக்குங்கள். முடியாது என்றால் அவனை ஓட விடுங்கள், பந்தைப் பிடிக்க விடுங்கள். கிம்ப்ரோவுக்கும் சந்தோஷம். அவனுக்கு வலிக்கும், ஆனால் உடைய மாட்டான்.

எ. ஸ்ட்ராதர்


பைன் ஃபோர்க்
20 செப்டம்பர் 1970

கோச் ஸ்ட்ராதர் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் ஆட்டத்துக்கு முந்தின நாள் வந்தது. முதல் ஆட்டத்தில் லேனை இறக்கினேன். நீங்கள் சொன்னதற்காகவா, எனக்கு அது வசதியாக இருந்ததற்காகவா என்று கேட்டால் பதில் இல்லை.

தோற்றோம். லேன் மூன்று முறை பந்தை நேராக எதிரணிக்காரன் கையில் கொடுத்தான். ஒவ்வொரு தடவையும் முதுகில் தட்டி, "அடுத்ததைச் சரியா போடு தம்பி" என்று திருப்பி அனுப்பினேன். வெர்னெல் பந்தைப் பிடிக்கிறவனாக ஓடிக்கொண்டிருந்தான். எறியப்படாத பந்துகளுக்காக அன்றைக்கு அவன் எத்தனை மைல் ஓடியிருப்பானோ.

போன வெள்ளிக்கிழமை வெர்னெலை இறக்கினேன். இருபத்தெட்டுக்கு ஏழு என்று ஜெயித்தோம். அரங்கில் நம் பக்கத்தில் பஸ் கொட்டகை ஓரமாகத்தான் உங்கள் ஆட்கள் உட்காருகிறார்கள். அந்தக் கோடியிலிருந்து கிளம்பியது மாதிரி ஒரு சத்தத்தை இந்த மைதானத்தில் இதற்கு முன் நான் கேட்டதே இல்லை. நடுவில் உட்கார்ந்திருந்த எங்கள் ஆட்கள் முதல் பாதியில் கையைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். பந்து மூன்றாவது முறை எல்லைக்கோட்டைத் தாண்டி டச் டவுன் ஆனபோது சிலர் எழுந்து நின்றார்கள். எழுந்த பிறகுதான் எழுந்தது தெரிந்தது போலப் பக்கத்தில் பார்த்துக்கொண்டார்கள்.

சவரக் கடைக்காரர் ஹோய்ட் நேற்று எனக்கு முடி வெட்டி முடிக்கும் வரை ஒரு வார்த்தை பேசவில்லை. பிணத்துக்கு வெட்டினால் கூட அவர் பேசுவார். லேன் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. நேற்று மட்டும் கிளம்பும்போது சொன்னான்: "எங்கப்பா இனிமே ஆட்டத்துக்கு வர மாட்டாராம், கோச்." கதவருகே திரும்பி, "எனக்கு அதுல கொஞ்சம் நிம்மதிதான்," என்றான். அவனை நான் சரியாகப் புரிந்துகொள்ளவில்லையோ என்று தோன்றியது.

உங்கள் நிபந்தனைக்குச் சம்மதம். வெர்னெலுக்கு ஒரு மோசமான வெள்ளிக்கிழமை உண்டு. இது என் வார்த்தை.

வாரன் ஹட்ஸ்பெத்


ஹூஸ்டன்
6 அக்டோபர் 1970

கோச் ஹட்ஸ்பெத் அவர்களுக்கு,

வெர்னெலின் அம்மா திருமதி கேட்ஸ் எழுதியிருக்கிறார். வெள்ளிக்கிழமை இரண்டாம் பாதி முழுக்க அவர் மகன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தானாம். லேன் ஆடி, அணி ஜெயித்ததாம். வாழ்த்துகள்.

வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் காலணியைத் துடைத்துக்கொண்டே இருந்தானாம். சுத்தமாக இருந்த காலணியை.

எ. ஸ்ட்ராதர்


பைன் ஃபோர்க்
11 அக்டோபர் 1970

கோச் ஸ்ட்ராதர் அவர்களுக்கு,

நீங்கள் இன்னும் நான்கு பக்கம் திட்டி எழுதியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

நடந்தது இதுதான். முதல் பாதியில் இரண்டு பந்து பறிபோனது. இரண்டாவதை எடுத்துக்கொண்டு அவர்கள் நேராக ஓடிப் புள்ளி எடுத்தார்கள். எனக்குப் பின்னால் அரங்கத்திலிருந்து வந்த சத்தத்தை எழுத மாட்டேன். பெண்கள் கூட. நான் அவனை வெளியே எடுத்ததற்குக் காரணம் பந்து என்றுதான் அந்த நிமிஷத்தில் நினைத்தேன்.

திங்கட்கிழமை வெர்னெல் என் அறைக்கு வந்தான். அணிச் சட்டையைத் துவைத்து, தேய்த்து, மடித்து மேஜை மேல் வைத்தான்.

"ஒண்ணு கேக்கலாமா, கோச்?"

"கேளு."

"முதல் ஆட்டத்துல லேன் மூணு தடவை பந்தை விட்டான். அவன்கிட்ட என்ன சொன்னீங்க?"

"அடுத்ததைச் சரியா போடுன்னேன்."

"நான் ரெண்டு தடவை விட்டேன். எங்கிட்ட என்ன சொன்னீங்க?"

நான் மேஜை மேல் இருந்த சட்டையைப் பார்த்தேன். அவனே சொன்னான்.

"'உக்காரு'ன்னீங்க. நான் சண்டைக்கு வரல. எனக்குக் கணக்குத் தெரிஞ்சா போதும். அவனுக்கு மூணு, எனக்கு ரெண்டுன்னா அதுக்குத் தக்கபடி ஆடிக்கறேன். கிட்ட நிக்கறவனுக்கு மட்டும் எறிவேன். எதையும் மாத்த மாட்டேன். உங்களுக்கு ஒரு குறையும் இருக்காது. ஆனா அது குவார்ட்டர்பேக் ஆடறது இல்ல, கோச். அது பயந்துக்கிட்டு நிக்கறது."

குரலை உயர்த்தவே இல்லை. என் மூத்த மகன் என்னிடம் இப்படிப் பேசியிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று தெரியாது.

"சட்டையை எடுத்துக்கிட்டுப் போ," என்றேன். "டெக்கர்வில் ஆட்டத்துல நீதான்."

"மூணாவது போச்சுன்னா?"

"நீதான்."

"நாலாவது?"

"ஏன், நாலாவதும் போடறதா உத்தேசமா?"

அவன் சிரிக்கவில்லை. ஆனால் சட்டையை எடுத்துக்கொண்டான்.

அதுதான் எங்கள் அடுத்த ஆட்டம், இருபத்து மூன்றாம் தேதி, இங்கே பைன் ஃபோர்க்கில். அதில் ஜெயித்தால்தான் மாவட்டப் பட்டம் பற்றி யோசிக்கலாம். கிம்ப்ரோ நேற்று தொலைபேசியில் சொன்னார்: "உன் ஒப்பந்தம் நவம்பர்ல வருது வாரன், ஞாபகம் இருக்கட்டும்." ஞாபகம் இருக்கிறது என்றேன்.

உங்களிடம் புதிதாக வார்த்தை எதுவும் கொடுக்கப் போவதில்லை.

வாரன் ஹட்ஸ்பெத்


ஹூஸ்டன்
25 அக்டோபர் 1970

கோச் ஹட்ஸ்பெத் அவர்களுக்கு,

வெள்ளிக்கிழமை நான் அங்கே இருந்தேன்.

யாரிடமும் சொல்லவில்லை. மத்தியான வகுப்பை இன்னொருவரிடம் ஒப்படைத்துவிட்டு காரை எடுத்தேன். எங்கள் ஆட்களுக்கு நடுவில் நான் உட்கார்ந்தால் ஆளாளுக்குக் கை கொடுப்பார்கள், என் முகத்தைப் பார்ப்பார்கள், நான் ஆட்டத்தைப் பார்க்க முடியாது. அதனால் எதிர்ப்பக்கம், டெக்கர்வில்காரர்களுக்குப் பின்னால் கடைசிப் படியில் உட்கார்ந்தேன். எனக்கு முன்னால் இருந்தவர் திரும்பிப் பார்த்துவிட்டு, "நீங்க எந்த ஊரு?" என்று கேட்டார். ஹூஸ்டன் என்றேன். "இவ்வளவு தூரம் இந்தக் கூத்தைப் பாக்கவா வந்தீங்க?" என்றார். ஆமாம் என்றேன்.

கூத்தாகத்தான் இருந்தது. என் பையன் இதைவிட மோசமாக ஆடி நான் பார்த்ததில்லை. முதல் பந்து காற்றில் மிதந்தது. இரண்டாவதை எங்கே எறிந்தான் என்று எனக்கே விளங்கவில்லை. மூன்றாவதற்குப் பிறகு உங்கள் பக்கம் முழுவதும் எழுந்துவிட்டது. "லேன், லேன்" என்று அவர்கள் தரையை மிதித்தது எதிர்ப்பக்கத்தில் என் காலுக்குக் கீழே அதிர்ந்தது. லேன் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கோட்டோரத்தில் தயாராக நின்றான். உங்களைப் பார்த்தான். நீங்கள் மைதானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். கொஞ்ச நேரம் கழித்து லேன் ஹெல்மெட்டைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு, அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டான். கத்துகிறவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.

பந்து எதிரணியிடம் போனதால் வெர்னெல் கோட்டோரத்துக்கு வந்தான். யாரையும் பார்க்கவில்லை. தண்ணீர் குடித்தான். நீங்கள் அவன் பக்கத்தில்தான் நின்றீர்கள், எதுவும் சொல்லவில்லை. கையைக் கூட வைக்கவில்லை. நான் படியின் ஓரத்துக்கு நகர்ந்து உங்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீங்கள் இப்போது லேன் பக்கம் தலையைத் திருப்பினால் போதும், எல்லாம் முடிந்தது என்று எனக்குத் தெரியும். நீங்கள் திருப்பவில்லை. பந்து மறுபடி நம் பக்கம் வந்ததும் அவன் ஹெல்மெட்டை எடுத்து மாட்டிக்கொண்டு உள்ளே போனான். யாரும் போகச் சொல்லவில்லை. போகலாமா என்று அவன் கேட்கவும் இல்லை.

அதற்குப் பிறகு இரண்டு டச் டவுன். ஒரு நிமிஷம் ஜெயித்துவிடுவோம் என்றுகூட நினைத்தேன். கடைசியில் நாலாவதையும் கொடுத்துவிட்டான். இருபதுக்குப் பதினாலு என்று தோற்றோம்.

முன்னால் இருந்தவர் எழுந்து போகும்போது, "அந்தக் கோச்சுக்கு மூளையே கிடையாது," என்றார். அங்கேயே உட்கார்ந்திருந்தேன். விளக்கை அணைக்க வந்தவர் கிளம்பச் சொன்னார்.

ஆட்டம் முடிந்ததும் நீங்கள் அவனிடம் போய் ஏதோ பேசினீர்கள். தூரத்திலிருந்து கேட்கவில்லை. என்ன சொன்னீர்கள்?

எ. ஸ்ட்ராதர்


பைன் ஃபோர்க்
8 நவம்பர் 1970

கோச் ஸ்ட்ராதர் அவர்களுக்கு,

நீங்கள் வந்திருந்தது தெரிந்திருந்தால் நான் இன்னும் மோசமாக வியர்த்திருப்பேன். நல்ல வேளை.

பெரிதாக ஒன்றும் பேசவில்லை. "அந்தக் கடைசிப் பந்தைப் பிடிச்சவனை நீ பாக்கலியா?" என்று கேட்டேன். "வெளிச்சத்துக்குப் பின்னாடி நின்னான், கோச்," என்றான். "கெட்டிக்காரன்தான்," என்றேன். "ஆமா, கெட்டிக்காரன்," என்றான். அவ்வளவுதான்.

நிர்வாகக் குழு வியாழக்கிழமை கூடியது. ஏன் பையனை மாற்றவில்லை என்று கேட்டார்கள். மாற்ற வேண்டும் என்று தோன்றவில்லை என்றேன்.

"நாலு தடவை பந்தைக் குடுத்தான், வாரன்," என்றார் கிம்ப்ரோ.

"ஆமா. அவனுக்குப் பதினேழு வயசு. உங்க பையன் மூணு தடவை குடுத்தப்ப அவனுக்கும் பதினேழு வயசுதான்."

அறையில் யாரோ இருமினார்கள். நான்குக்கு மூன்று என்று ஓட்டு விழுந்தது. என் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது. மூன்று பேர் எனக்குப் போட்டார்கள் என்பதுதான் எனக்கு ஆச்சரியம். ஜூனில் நாம் எல்லோரும் உட்கார்ந்திருந்த அதே அறை. அன்றைக்கும் யாராவது மூன்று பேர் இருந்திருப்பார்களோ என்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் யோசித்தேன். யாரும் முதலில் வாயைத் திறக்காததால் எண்ணிப் பார்க்க முடியாமல் போயிருக்கலாம்.

ஜனவரியிலிருந்து நோரீனின் தம்பியிடம் டிராக்டர் விற்கப் போகிறேன். எனக்கு டிராக்டரைப் பற்றி ஒன்றும் தெரியாது. வாங்குகிறவர்களுக்குத் தெரியும்.

அதற்குப் பிறகு நடந்த இரண்டு ஆட்டத்திலும் வெர்னெல்தான். இரண்டிலும் ஜெயித்தோம். லேன் தானாகவே வந்து, "என்னை ஓட விடுங்க கோச், பெஞ்சுல உக்காந்து குளிருது," என்றான். வெர்னெல் எறிந்ததை நேற்று முன்தினம் பிடித்து ஒரு டச் டவுன் போட்டான். அவ்வளவு நீளமான கால்கள் ஒன்றோடொன்று சிக்காமல் ஓடியதே பெரிய விஷயம்.

இன்னொரு சேதி. ஒரு பெரிய பல்கலைக்கழகத்திலிருந்து ஆள் வந்திருந்தார். வெர்னெலுக்கு நான்கு வருஷப் படிப்பும் இலவசம் என்கிறார். ஆனால் தடுப்பு ஆட்டக்காரனாக. "குவார்ட்டர்பேக்?" என்று பையன் கேட்டான். "அதுக்கு எங்ககிட்ட ஆள் இருக்கு, தம்பி," என்றார். வெர்னெல் யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டான். இப்படி ஒரு வாய்ப்பு இந்த ஊரில் யாருக்கும் வந்ததில்லை. வீம்புக்காக விட்டுவிடக் கூடாது. நான் சொன்னால் கேட்க மாட்டான். நீங்கள் ஒரு வார்த்தை எழுதுங்கள்.

கடைசி ஆட்டம் இருபதாம் தேதி, இங்கேதான். நீங்கள் என்னோடு கோட்டோரத்தில் நிற்க வேண்டும் என்று கேட்கிறேன். இனி என்னை யார் என்ன செய்துவிட முடியும்?

வாரன் ஹட்ஸ்பெத்


ஹூஸ்டன்
13 நவம்பர் 1970

அன்புள்ள கோச் ஹட்ஸ்பெத்,

ஒப்பந்தம் பற்றிய சேதியை லூசிலுக்குப் படித்துக் காட்டினேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். "அவருக்கு எத்தனை பிள்ளைங்க?" என்று கேட்டாள். மூன்று என்றேன். நான் இங்கே ஆறுதல் எழுதப் போவதில்லை. வேலை போன மனிதனுக்குக் கடிதத்தில் ஆறுதல் சொன்னால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

கோட்டோரத்தில் நிற்க அழைத்ததற்கு நன்றி. நிற்க மாட்டேன். அங்கே நான் விருந்தாளியாக நிற்பதற்கில்லை. பிப்ரவரியில் இங்கே இணைக்கப்போகும் ஒரு பள்ளியில் தலைமைப் பயிற்சியாளர் வேலைக்கு மனுப் போட்டிருக்கிறேன். துணை, துணைக்குத் துணை எல்லாம் வேண்டாம் என்று மனுவிலேயே எழுதிவிட்டேன். கொடுத்தால் கொடுக்கட்டும்.

வெர்னெலுக்கு நான் எழுதப் போவதில்லை. உண்மையைச் சொன்னால், உங்கள் கடிதத்தைப் படித்தபோது என் அபிப்பிராயமும் உங்களுடையதாகத்தான் இருந்தது. இலவசப் படிப்பு கண்ணை மறைக்கிற விஷயம். தடுப்பாட்டத்தில் அவன் பெயர் வாங்குவான். எழுத உட்கார்ந்தும் விட்டேன். பிறகு ஒன்று உறைத்தது. ஆகஸ்டிலிருந்து நானும் நீங்களும் அவனை இறக்கலாமா கூடாதா, தாங்குவானா உடைவானா என்று தபால்காரர் கால் தேய எழுதிக்கொண்டிருக்கிறோம். ஊரும் அதையேதான் பேசியது. நான் ஒரு கடிதத்தில் வேண்டாம் என்றே தீர்ப்புச் சொன்னேன். அவனிடம் ஒரு வார்த்தை யாராவது கேட்டோமா?

அதனால் புதன்கிழமை அவர்கள் போதகர் வீட்டுத் தொலைபேசிக்குக் கூப்பிட்டு, அவனை அழைத்து வரச் சொன்னேன். என் கருத்தைச் சொல்லாமல் கேட்டேன். கடினமாகத்தான் இருந்தது.

லூசியானாவில் எங்கள் ஆட்கள் நடத்தும் ஒரு சின்னக் கல்லூரிக்குப் போகப் போகிறானாம். பாதிப் படிப்புச் செலவுதான் கொடுப்பார்கள். மீதிக்குச் சாப்பாட்டுக் கூடத்தில் தட்டுக் கழுவ வேண்டும். அம்மாவிடம் பேசிவிட்டானாம்.

"அங்க உன்னைக் குவார்ட்டர்பேக்கா எடுத்துக்கறாங்களா?" என்று கேட்டேன்.

"எடுத்துக்கறாங்க கோச். ஆனா எனக்கு முன்னாடி நாலு பேர் இருக்காங்களாம்."

"நாலு பேரா? உனக்கு முறை வர மூணு வருஷம் ஆகும்டா."

"வராமலே கூடப் போகலாம்," என்றான். "பரவால்ல கோச். அது குவார்ட்டர்பேக் வரிசைதானே. நின்னு பாக்கறேன்."

நான் தொலைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அந்த முனையில் அவன் "ஹலோ, ஹலோ" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.

இருபதாம் தேதி லூசிலையும் அழைத்துக்கொண்டு வருகிறேன். டிக்கெட் வாங்கிக்கொள்கிறோம். இந்த முறை நம் பக்கத்தில் உட்காருகிறோம்.

எ. ஸ்ட்ராதர்